எழுதுகோலும் ஒலிவாங்கியும்: கெர்ட்ரூட் பெர்க் அம்மையாரின் கலைவாழ்வு

நாடகக் கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர், அரங்கில் நின்று ஆடிப் பாடிய கலைஞர்களுக்குத் தரும் இடத்தை, அடுக்களை வேலைகளுக்கிடையே பெண்கள் செவிமடுத்த வானொலித் தொடர்களின் கலைஞர்களுக்குத் தருவதில்லை. அமெரிக்க நாட்டில் இத்தொடர்களுக்குச் சோப்பு நாடகங்கள் என்றே பெயர் வழங்கிற்று. சோப்பும் சலவைத் தூளும் செய்து விற்ற நிறுவனங்கள், தம் பொருளின் பெயர் இல்லத்தரசியரின் காதில் நாள்தோறும் விழவேண்டும் என்பதற்காக இந்நாடகங்களுக்குப் பணம் கொடுத்தன. அதுவே பெயர்க் காரணம். அப்பெயரில் ஓர் ஏளனமும் ஒளிந்திருக்கிறது. அழவைத்துப் பொருள் விற்கும் சரக்கு, கலையன்று என்பது அவ்வேளனத்தின் பொருள்.

அவ்வேளனத்தைத் தம் வாழ்நாள் உழைப்பால் பொய்யாக்கியவர் கெர்ட்ரூட் பெர்க் அம்மையார். ஒரு குடும்பத்தைக் கற்பனையில் படைத்து, அக்குடும்பத்தின் உரையாடலை நாள்தோறும் தாமே எழுதி, அதன் தாயாகத் தாமே நடித்தவர் அவர். வானொலி, மேடை, தொலைக்காட்சி, திரைப்படம் ஆகிய நான்கிலும் அக்குடும்பம் வாழ்ந்தது. எனினும் அவரை நினைவுகூர்வதற்கு அவ்வெற்றி மட்டுமே காரணமன்று. தாம் படைத்த பாத்திரத்துக்கு உயிர்தரும் மனிதருக்கு ஓர் எழுத்தாளர் எவ்வளவு கடன்பட்டவர் என்ற வினா அவர் வாழ்வில் நேருக்கு நேராக வந்து நின்றது. அவ்வினாவுக்கு அவர் அளித்த விடை முழு வெற்றியுமன்று, முழுத் தோல்வியுமன்று. ஆதலினால்தான் அது எழுதுவோர் அனைவரும் எண்ணிப் பார்க்கத் தக்கதாகிறது.

பிறப்பும் இளமையும்

1899ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் யூதக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டில்லி எடல்ஸ்டைன். தகரத் தொழிலாளியான அவருடைய பாட்டனார் போலந்து நாட்டின் லூப்லின் பகுதியிலிருந்து புலம்பெயர்ந்து வந்தவர். புதிய நாட்டின் மொழியைப் பழைய நாட்டின் மொழியோடு கலந்து பேசும் முதியவர்களின் நடுவே அக்குழந்தை வளர்ந்தது. பின்னாளில் அவர் எழுதிய ஆயிரக்கணக்கான உரையாடல்களுக்கு ஊற்று அந்த வீட்டுப் பேச்சேயாகும்.

அவருடைய இளமை இன்பமே நிறைந்ததாக அமையவில்லை. மூத்த தமையன் சிறுவயதிலேயே தொண்டை அடைப்பான் நோய்க்குப் பலியானான். அத்துயரிலிருந்து தாய் மீளவில்லை. மனம் நொந்து, நோயுற்று, இறுதியில் மனநல மருத்துவமனையில் நாட்களைக் கழித்தார். நாடே தாயாகக் கொண்டாடிய ஒரு பாத்திரத்தைப் படைத்தவரின் சொந்த வாழ்வில், தாயின் அரவணைப்பு பாதியிலேயே பறிபோயிருந்தது. மகிழ்ச்சியான ஒரு வீட்டை அவர் ஏன் அவ்வளவு விடாப்பிடியாக நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்தார் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தந்தை ஜேக்கப், கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ஃபிளீஷ்மன்ஸ் என்ற சிற்றூரில் கோடைக்கால விடுதி ஒன்றை நடத்தினார். நகரத்து வெப்பத்துக்கு அஞ்சி யூதக் குடும்பங்கள் அங்கு வந்து தங்குவதுண்டு. மழை நாட்களில் வெளியே செல்ல வழியின்றி விருந்தினர் சலிப்புற்றிருக்கும்போது, அவர்களை மகிழ்விக்க டில்லி சிறுசிறு நாடகங்களை எழுதி நடித்தாள். வந்து தங்கியவர்களின் நடையும் பேச்சும் அவளுக்குப் பாடநூல்களாயின. வீட்டு மாந்தர்களை நாடக மாந்தர்களாகக் காணும் பயிற்சி அவ்விடுதியில்தான் தொடங்கிற்று.

1918ஆம் ஆண்டில் லூயிஸ் பெர்க் என்ற பொறியியலாளரை மணந்தார். கணவரின் பணியின் பொருட்டுத் தெற்கே லூசியானா மாநிலத்தில் சில காலம் வாழ்ந்தார். மகனும் மகளுமாக இரு மக்கள் பிறந்தனர். கணவர் பணியாற்றிய சர்க்கரை ஆலை தீக்கிரையானபோது குடும்பத்தின் வருவாய் நின்றது. விடுதியின் விளையாட்டு நாடகங்கள் வயிற்றுப்பாட்டுக்கான தொழிலாக மாறவேண்டிய வேளை வந்தது.

வானொலியின் வாயிலில்

கடைகளில் வேலை செய்யும் இரு பெண்கள் தம் வாழ்வைப் பேசிக்கொள்வதாக அவர் எழுதிய முதல் வானொலித் தொடர் ஒரே ஒலிபரப்போடு நின்றுபோயிற்று. அவர் தளரவில்லை. நியூயார்க் நகரின் நெருக்கடியான அடுக்குமாடி வீடொன்றில் வாழும் யூதக் குடும்பத்தின் கதையை அடுத்து எழுதினார். தாய் மோலி, தையல் தொழிலில் முன்னேறத் துடிக்கும் தந்தை ஜேக், மகள் ரோசாலி, மகன் சேமி, மாமா டேவிட் ஆகியோர் அதன் மாந்தர்.

அக்கையெழுத்துப்படியோடு என்.பி.சி. வானொலி நிறுவனத்துக்கு அவர் சென்ற கதை நாடக உலகில் பலராலும் சொல்லப்படுவது. வீட்டில் தட்டச்சுப் பொறி இருந்தும் அவர் பென்சிலால் எழுதியே எடுத்துச் சென்றார். அலுவலருக்கு அக்கையெழுத்து விளங்கவில்லை. ஆகவே அவரே வாய்விட்டுப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஏற்பக் குரல் மாறிற்று. படித்து முடித்தபோது நாடகம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மோலியாக நடிக்கும் வாய்ப்பும் அவருக்கே கிட்டிற்று. அன்று தொடங்கி, தொடர் ஒலித்த காலமெல்லாம் பென்சிலை அவர் கைவிடவில்லை.

கோல்ட்பர்க் குடும்பத்தின் கதை 1929ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் முதன்முறையாக ஒலிபரப்பாயிற்று. நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. வேலையிழந்து வாடிய மக்களின் வீடுகளுக்குள், வறுமையிலும் சிரிக்கத் தெரிந்த குடும்பம் ஒன்று குரலாக நுழைந்தது. பதினைந்து நிமிட நாடகமாக வாரம் ஒருமுறை தொடங்கியது, பின்னர் நாள்தோறும் ஒலிக்கும் தொடராக வளர்ந்தது. தொடக்கத்தில் வாரத்துக்கு 75 டாலராக இருந்த ஊதியம் இரண்டாண்டுகளுக்குள் 2,000 டாலராக உயர்ந்தது. நாடெங்கும் பஞ்சம் பேசப்பட்ட காலத்தில் ஒரு பெண் தம் எழுத்தால் இவ்வளவு ஈட்டியது பெருவியப்பாகக் கருதப்பட்டது. முதலில் பற்பசை நிறுவனமும் பின்னர் சோப்பு நிறுவனமும் அத்தொடருக்குப் புரவலராயின. இடையிடையே சில இடைவெளிகள் நேர்ந்தனவாயினும், 1940களின் நடுப்பகுதி வரை அக்குரல் அமெரிக்க வீடுகளில் ஒலித்துவந்தது.

பென்சில் முனையில் ஒரு மொழி

அவர் எழுதிய வானொலி நாடகப் பகுதிகள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை. விடியற்காலையில் எழுந்து எழுதுவார். பின்னர் நிலையம் சென்று ஒத்திகை நடத்துவார். தாமே இயக்கி, தாமே நடிப்பார். எழுத்து, இயக்கம், நடிப்பு ஆகிய மூன்று பொறுப்புகளும் ஒருவர் கையில் இருந்தமையால் அந்நாடகத்தில் எவ்விடத்தும் ஒட்டுப்போட்ட தன்மை தோன்றவில்லை. பாத்திரங்களின் பேச்சுக்கு உரமூட்ட, ஏழை யூதர்கள் நெருங்கி வாழ்ந்த கீழ்க்கிழக்குப் பகுதியின் கடைவீதிகளில் அவர் சுற்றித் திரிவார். பேரம் பேசுவோரின் சொற்களைக் காதில் வாங்கிக்கொண்டு திரும்புவார்.

ஒலியிலும் உண்மையே வேண்டும் என்பது அவர் கொள்கை. மோலி முட்டை பொரிக்கும் காட்சியெனின் ஒலிவாங்கியின் முன் முட்டை உடைபடும். மகளின் தலைமுடியைக் கழுவும் காட்சியெனின் நடிகையின் தலைமுடி உண்மையாகவே நனையும். கண்ணால் காணாத நேயர் காதால் கண்டனர்.

அவருடைய மொழிநடை தனியே ஆராயத் தக்கது. அதே காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த வேறொரு வானொலித் தொடரில் வெள்ளையர் இருவர் கறுப்பின மக்களைப் போலப் பேசி நேயரைச் சிரிக்க வைத்தனர். பிற இனத்தாரின் பேச்சைக் கேலிப் பொருளாக்குவது அக்கால மேடைகளின் வழக்கம். யூதப் பாத்திரங்களும் அவ்வாறே கொச்சைப்படுத்தப்பட்டு வந்தன. பெர்க் அம்மையார் அவ்வழியை மேற்கொள்ளவில்லை. அயல்மொழிக்காரரின் ஒலிப்புக் குறைகளை அவர் பெரிதுபடுத்தவில்லை. இத்திஷ் மொழியின் தொடரமைப்பை ஆங்கிலச் சொற்களுக்குள் வைத்தார். சொற்கள் புதிய நாட்டுக்குரியவை. அவை அடுக்கப்பட்ட முறையோ பழைய நாட்டுக்குரியது. மோலியின் பேச்சில் சொற்கள் இடம் மாறிக் கிடக்கும். மரபுத்தொடர்கள் தடுமாறி விழும். ஆனால் பொருள் தடுமாறுவதில்லை. கேட்பவர் சிரித்தபின் அவள் சொன்னதே சரியென உணர்வர். சிரிப்புக்குரியவளாகத் தொடங்கும் மோலி அறிவுடையவளாக முடிவது அந்நடையின் வெற்றி. பேச்சுவழக்கை இலக்கியத்துக்குள் கொண்டுவருவோர், அது பேசுவோரின் மதிப்பைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று வினவிக்கொள்ள வேண்டும். அவ்வகையில் மோலியின் பேச்சு நல்லதோர் எடுத்துக்காட்டு.

சன்னலில் விழுந்த கல்

கோல்ட்பர்க் குடும்பத்தின் கதையில் அரசியல் பெரிதும் பேசப்பட்டதில்லை. ஆயினும் உலகம் எரியும்போது வீட்டுக் கதவை அடைத்துக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. 1938ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் ஒரே இரவில் நொறுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ஒலிபரப்பான பகுதியில், கோல்ட்பர்க் குடும்பத்தார் பாஸ்கா திருநாள் விருந்துக்காகக் கூடியிருக்கும்போது சன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் உள்ளே விழுகிறது. குழந்தைகள் நடுங்குகின்றனர். தாய் அவர்களைத் தேற்றுகிறாள். தந்தை சடங்கைத் தொடர்கிறார். அவ்வளவே காட்சி. மேடைப் பேச்சு இல்லை, அறிவுரையும் இல்லை. ஆயினும் அந்த ஒரு கல்லின் ஒலியில் கடலுக்கு அப்பால் நிகழ்ந்த கொடுமை கேட்போரின் உணவறைக்குள் வந்து விழுந்தது. பொருள் விற்பதற்கென்று அமைந்த கால்மணி நேரத்தில் ஒரு கலைஞரால் எவ்வளவு செய்ய முடியும் என்பதை அப்பகுதி காட்டிற்று.

மேடையும் சின்னத்திரையும்

1948ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோல்ட்பர்க் குடும்பம் நியூயார்க் பிராட்வே அரங்கில் ஏறிற்று. மோலியும் தாமும் என்ற பொருள்படத் தலைப்பிட்டு அவரே எழுதி நடித்த அந்நாடகம் 156 முறை நடைபெற்றது. வானொலியில் தந்தை ஜேக்காக நெடுங்காலம் குரல் கொடுத்த ஜேம்ஸ் வாட்டர்ஸ் 1945ஆம் ஆண்டில் மறைந்துவிட்டார். மேடையில் அவ்விடத்துக்கு வந்தவர் பிலிப் லோப். நாடக ஆசிரியராகவும் இயக்குநராகவும் நடிகராகவும் அரங்கில் நீண்ட அனுபவம் உடையவர். நடிகர் சங்கத்தின் முன்னணி உறுப்பினர். ஒத்திகைக் காலத்துக்கும் நடிகருக்கு ஊதியம் வேண்டும் என்று போராடியவர். கோபமும் கனிவும் மாறி மாறித் தோன்றும் ஜேக்காக அவர் மோலியின் எதிரில் நின்றபோது அக்குடும்பம் முழுமை பெற்றது.

1949ஆம் ஆண்டு சனவரியில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடர் தொடங்கிற்று. அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்கக் காலக் குடும்ப நகைச்சுவைத் தொடர்களுள் அது ஒன்று. முன்கூட்டிப் படமெடுக்காமல் நேரடியாகவே நடித்து ஒளிபரப்பினர். தொடக்கத்தில் மோலி தன் வீட்டுச் சன்னலில் முழங்கை ஊன்றிச் சாய்ந்தபடி, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் நேயரிடம் பேசுவாள். புரவலர் நிறுவனத்தின் சாங்கா காப்பியைப் பற்றிச் சொல்லி, பேச்சோடு பேச்சாகத் திரும்பிக் கதைக்குள் நுழைந்துவிடுவாள். விளம்பரம் முடிந்த இடமும் நாடகம் தொடங்கிய இடமும் தெரியாது. 1951ஆம் ஆண்டில், தொலைக்காட்சித் தொடரின் சிறந்த நடிகைக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட எம்மி விருது அவருக்கே உரியதாயிற்று. கோல்ட்பர்க் குடும்பத்தைப் பற்றிய திரைப்படமும் அக்காலத்தில் வெளிவந்தது. ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி புதிய ஊடகத்தின் முதல் வரிசையில் நின்றார்.

பட்டியலில் ஒரு பெயர்

விருதுக்கு முன்பே இடர் தொடங்கியிருந்தது. 1950ஆம் ஆண்டு சூன் மாதம் சிவப்பு அலைவரிசைகள் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுநூல் வெளியாயிற்று. வானொலி, தொலைக்காட்சித் துறைகளில் பொதுவுடைமைச் சார்புடையோர் என்று 151 பேரை அது பட்டியலிட்டது. கையொப்பமிட்ட விண்ணப்பம், கலந்துகொண்ட கூட்டம், பெயரளவில் சேர்ந்திருந்த அமைப்பு ஆகியனவே அதில் குற்றச் சான்றுகளாகக் காட்டப்பட்டன. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. பட்டியலில் இடம்பெற்றவருக்கு வேலை இல்லை, அதுவே தண்டனை. பிலிப் லோப்பின் பெயரும் அதில் இருந்தது.

லோப்பை நீக்கவேண்டும் என்று புரவலர் நிறுவனம் பெர்க் அம்மையாரை வற்புறுத்திற்று. அவர் மறுத்தார். நாடெங்கும் சென்று அந்நிறுவனத்தின் பொருள்களை வாங்காதீர் என்று இல்லத்தரசியரிடம் சொல்லப்போவதாக அவர் எச்சரித்தார் என்பர். காப்பி வாங்கச் சொல்லிப் பழகிய அக்குரல், வாங்காதே என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை நிறுவனம் அறிந்திருந்தது. சில மாதங்கள் லோப் பணியில் நீடித்தார். சோப்பு நாடகம் என்று இகழப்பட்ட ஒரு கலைவடிவின் நடிகைக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

ஆனால் அவ்வலிமைக்கும் எல்லை இருந்தது. 1951ஆம் ஆண்டில் புரவலர் நிறுவனம் விலகிக்கொண்டது; தன் முடிவுக்குக் காரணம் வணிகமேயன்றி அரசியலன்று என்றும் சொல்லிக்கொண்டது. சி.பி.எஸ். நிறுவனம் தொடரைக் கைவிட்டது. என்.பி.சி. ஏற்க முன்வந்தும், லோப் நடிக்கும் நாடகத்துக்குப் பணம்தரப் புரவலர் ஒருவரும் கிடைக்கவில்லை. அரசாங்கம் தடைவிதித்திருப்பின் எதிர்த்து வழக்காடலாம். இங்கோ எவரும் தடை விதிக்கவில்லை, எவரும் பணமும் தரவில்லை. மாதங்கள் கழிந்தன. அத்தொடரை நம்பியிருந்த பிற நடிகர்களும் தொழிலாளரும் வேலையின்றி நின்றனர்.

1952ஆம் ஆண்டு சனவரியில் லோப் இழப்பீடு பெற்றுக்கொண்டு விலகினார். அடுத்த மாதமே வேறொரு நடிகர் ஜேக்காக நடிக்கத் தொடர் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. மோலி முன்போலவே சன்னலில் சாய்ந்தாள். வீடு முன்போலவே இருந்தது. தந்தையின் முகம் மட்டும் மாறியிருந்தது.

லோப் தாம் பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினர் அல்லர் என்று செனட் அவையின் விசாரணைக் குழு முன் மறுத்துரைத்தார். பயன் இல்லை, பட்டியல் அழியவில்லை. மனநோயுற்ற மகனின் மருத்துவச் செலவு அவர் தோளில் இருந்தது. வேலை அருகி, கடன் பெருகி, உள்ளம் சோர்ந்த நிலையில், 1955ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நியூயார்க் நகர விடுதி ஒன்றில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய நண்பரும் அதே கொடுமைக்கு ஆளானவருமான சீரோ மோஸ்டெல், 1976ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்தில் லோப்பின் சாயல் கொண்ட பாத்திரமாக நடித்து அத்துயரைப் பதிவு செய்தார்.

பெர்க் அம்மையார் செய்தது சரியா என்ற வினா இன்றளவும் எழுப்பப்படுகிறது. அவர் இறுதிவரை நின்றிருக்க வேண்டும், தொடர் அழிந்தாலும் நண்பரோடு அழிந்திருக்க வேண்டும் என்பார் உளர். பட்டியலில் பெயரைக் கண்ட அன்றே பணியாளரை நீக்கிய தயாரிப்பாளர் மலிந்த காலத்தில், வருவாயையும் புகழின் உச்சியையும் பணயம் வைத்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு போராடியவர் அவர் என்பாரும் உளர். இரண்டும் உண்மையே. ஒருவரைக் காக்க முயன்று முடியாமல், பலரைக் காக்கும் வழியைத் தேர்ந்தார் எனலாம்; அவ்வழியில் தம் படைப்பையும் காத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவரைக் குற்றமற்றவராக்குவதும் குற்றவாளியாக்குவதும் எளிய வேலைகள். அச்சத்தை அவ்வளவு பெரிதாக விளைவித்து, நல்லவர்களையும் இத்தகைய தேர்வுக்குத் தள்ளிய அமைப்பை மறந்துவிட்டு அவரை மட்டும் எடைபோடுவது வரலாறு ஆகாது.

பிற்கால மேடை வெற்றி

இடைமுறிவுக்குப் பின் தொடர் பழைய பொலிவைப் பெறவில்லை. சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1951ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ஐ லவ் லூசி என்ற புதிய தொடர் நாட்டின் உள்ளத்தைக் கவர்ந்துகொண்டது. நேரடி ஒளிபரப்பின் காலம் மறைந்து படச்சுருளின் காலம் வந்தது. கடைசிப் பகுதிகளில் கோல்ட்பர்க் குடும்பம் பிராங்க்ஸ் பகுதியின் அடுக்குமாடி வீட்டைவிட்டுப் புறநகரின் தனிவீட்டுக்குக் குடிபெயர்ந்தது. எதிர்வீட்டுச் சன்னல் இல்லாத இடத்தில் மோலி யாரோடு பேசுவாள்? 1956ஆம் ஆண்டோடு அக்குடும்பத்தின் கதை முடிவுற்றது.

அம்மையாரின் கலைவாழ்வு அத்துடன் முடியவில்லை. 1959ஆம் ஆண்டு பிப்ரவரியில், லியோனார்டு ஸ்பிகெல்காஸ் எழுதிய எ மெஜாரிட்டி ஆஃப் ஒன் என்ற நாடகத்தில் பிராட்வே மேடையேறினார். போரில் சப்பானியரால் மகனை இழந்த புரூக்ளின் நகரத்து யூதக் கைம்பெண் ஒருத்தி, அதே போரில் தம் மக்களை இழந்த சப்பானியச் செல்வர் ஒருவரைக் கப்பற் பயணத்தில் சந்திக்கிறாள். பகைநாட்டார் இருவரும் துயரால் உறவினராகும் கதை அது. சப்பானியராக நடித்தவர் ஆங்கிலேய நடிகர் செட்ரிக் ஹார்ட்விக். பிற இனத்தாரின் வேடத்தை வெள்ளையர் புனைவது அன்று இயல்பாகக் கொள்ளப்பட்டது. இன்று அது குறையாகவே எண்ணப்படும். எனினும் மகனை இழந்த தாயாக அம்மையார் நின்ற நிலை அரங்கை உருக்கிற்று. அவ்வாண்டின் சிறந்த நாடக நடிகைக்கான டோனி விருதை அவர் பெற்றார்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துயரை அவர் எங்கும் தேடிச் செல்ல வேண்டியிருக்கவில்லை. அதை அவர் சிறுவயதில் தம் வீட்டிலேயே கண்டிருந்தார். தம் தாயால் கடக்க இயலாத துயரத்தைக் கடந்து மறுகரை சேரும் ஒருத்தியாக அவர் மேடையில் நின்றார்.

1961ஆம் ஆண்டில் அந்நாடகம் திரைப்படமானபோது அப்பாத்திரம் ரோசலிண்ட் ரஸ்ஸல் என்ற திரைநடிகைக்கு அளிக்கப்பட்டது. மேடையில் விருது பெற்றவரைத் திரை ஒதுக்கிற்று. அதே ஆண்டில் மகனின் துணையோடு எழுதிய தன்வரலாற்று நூலை அவர் வெளியிட்டார். முதுமையில் கல்லூரிக்குச் சென்று பயிலும் ஒரு கைம்பெண்ணாகப் புதிய தொலைக்காட்சித் தொடரிலும் நடித்தார். 1963ஆம் ஆண்டில் மீண்டும் பிராட்வே மேடையில் தோன்றினார். 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், 66ஆம் வயதில், இதயநோயால் நியூயார்க் நகரில் மறைந்தார். மழை நாட்களில் விருந்தினரை மகிழ்விக்கத் தம் முதல் நாடகங்களை எழுதிய ஃபிளீஷ்மன்ஸ் ஊரின் மண்ணிலேயே அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

எஞ்சி நிற்பது

வாழ்ந்த நாளில் அவரை அறியாத வீடு அமெரிக்காவில் அரிது. மறைந்தபின் அவரை அறிந்த தலைமுறையும் விரைவில் மறைந்தது. குரலால் வாழும் கலைக்கு நேரும் கதி அது. வானொலியில் பேசியவற்றுள் பெரும்பகுதி காற்றோடு கலந்துவிட்டது. ஆயினும் பென்சிலால் எழுதத் தொடங்கிய அந்தப் பழக்கம் அவரைக் காத்தது. அவருடைய நாடகப் படிகளும் ஆவணங்களும் சிரக்யூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் பேணப்படுகின்றன. 2009ஆம் ஆண்டில் அவீவா கெம்ப்னர் என்ற இயக்குநர் எடுத்த ஆவணப்படம் அவரை மீண்டும் மக்கள் நினைவுக்குக் கொணர்ந்தது.

மோலியும் பெர்க் அம்மையாரும் ஒருவரல்லர். மோலி அடுக்குமாடி வீட்டின் ஏழைத் தாய். அம்மையாரோ செல்வர் வாழும் பார்க் அவென்யூவில் குடியிருந்த தொழில்திறன் மிக்க எழுத்தாளர். மோலியின் பெயரால் சமையல் நூல் வெளிவந்தது. அதை வெளியிட்டவர் சமையலில் தேர்ந்தவர் அல்லர். மோலி தன் வீட்டில் எழும் எத்தகைய சிக்கலையும் கால்மணி நேரத்துக்குள் தீர்த்துவைப்பாள். அம்மையாருக்கு வாய்த்த பெருஞ்சிக்கலோ ஒன்றரை ஆண்டு போராடியும் தீரவில்லை. தம் கற்பனை வீட்டின் எல்லாச் சொற்களையும் எழுதும் உரிமை அவர் கையில் இருந்தது. அவ்வீட்டின் தந்தையாக நடித்தவருக்கு வேலை தரும் உரிமையோ காப்பி விற்றவர் கையில் இருந்தது.

இந்த இடைவெளியை உணர்ந்து படிக்கும்போதுதான் அவர் வாழ்வின் பொருள் விளங்கும். படைப்பாளர் தம் எழுத்துக்குள் முழு அதிகாரம் உடையவர். எழுத்தைச் சுமந்து செல்லும் ஏடும் அரங்கும் அலைவரிசையும் பெரும்பாலும் பிறருக்கு உரியவை. அவ்விரண்டுக்கும் இடையே நிற்கும்போது, உடன் நிற்பவருக்காக எவ்வளவு தூரம் செல்வார் என்பதே ஒருவரின் அளவுகோல். கெர்ட்ரூட் பெர்க் அம்மையார் பலர் அடியெடுத்து வைக்கவும் அஞ்சிய பாதையில் நெடுந்தூரம் நடந்தார்; முடிவு வரை நடக்கவில்லை. அவர் நடந்த தூரத்துக்காக அவரைப் போற்றலாம். நடக்காமல் விட்ட தூரத்தின் முடிவில் பிலிப் லோப்பின் பெயர் இருக்கிறது; அவரைப் போற்றும் பொழுதெல்லாம் அப்பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை.